முள்ளுக்காடு அழிக்கும் தொழில்: முதல் வேலையை யாரிடம் தேடுவது?

ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கம் ஒரு ஜேசிபி வாங்கி, சீமைக் கருவேலத்தைத் தோண்டி நிலத்தைத் திருத்திக் கொடுக்கலாம் என்று இறங்குகிறவர்கள் இப்போது அதிகம். வண்டி வந்த மறுநாளே கேள்வியும் வந்துவிடும், வேலைக்கு எங்கே போவது? ஒருத்தர் தரகரைப் பிடி என்பார், இன்னொருத்தர் பிளாட் போடுகிறவர்களைப் பிடி என்பார், டெண்டர் எடு, கூகுளில் போடு, ரீல்ஸ் போடு என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். இந்த வழிகளை எதிரெதிரே நிறுத்தி, ஒரே ஒரு வண்டி வைத்திருக்கிற புது ஆளுக்கு எது ஒத்துவரும் என்று பார்க்கலாம். மாதத் தவணை கட்டியாக வேண்டும், டீசல் அன்றன்றைக்கு ஊற்ற வேண்டும், ஆபரேட்டருக்குச் சம்பளமும் பேட்டாவும் தர வேண்டும். அதனால் எத்தனை போன் வருகிறது என்று நான் எண்ணப் போவதில்லை. செய்த வேலைக்குக் காசு எப்போது கைக்கு வருகிறது, அந்த ஆள் இன்னொரு ஆளைக் கூட்டி வருவாரா, இந்த இரண்டையும் வைத்துத்தான் எடை போடுகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். சீமைக் கருவேலம் இந்தப் பக்கத்தில் விலை போகிற சரக்கு. விறகுக்குப் போகும், கரிமூட்டத்துக்குப் போகும். எனவே காட்டை அழிக்க நாம் காசு கேட்டால், "மரத்துக்கு நீங்கதானே எனக்குக் காசு தரணும்" என்று நிலத்துக்காரர் திருப்பிக் கேட்பார். அவர் கேட்பதில் தப்பில்லை. வெட்டுக்காரர்கள் வருவார்கள், தொகை பேசுவார்கள், மேல் மரத்தை வெட்டி ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். தூர், அதாவது அடிக்கட்டையும் வேரும், மண்ணுக்குள் அப்படியே இருக்கும். மழை பெய்ததும் துளிர்த்து, ஒற்றைத் தண்டு நின்ற இடத்தில் நாலைந்து தண்டாகப் புதர் கட்டும், முன்னைவிட மோசமாக. நாம் விற்க வேண்டிய வேலை இந்தத் தூரைப் பிடுங்குவதும் மேடு பள்ளத்தை நிரவுவதும். அதற்குக் காசு கொடுக்க, அந்த நிலத்தில் விதைக்கவோ வேலி போடவோ வீடு கட்டவோ நினைக்கிற ஆள் வேண்டும். மரத்தை விற்றுவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போகிறவரிடம் எவ்வளவு பேசினாலும் பயன் இல்லை.

கரி வியாபாரியா, நிலத் தரகரா?

பெரும்பாலும் எல்லோரும் முதலில் ஓடுவது தரகரிடம். எந்த நிலம் விலைக்கு வருகிறது என்று அவருக்குத் தெரியும், உண்மைதான். ஆனால் அவர் தருகிற வேலை எப்படிப்பட்டது என்று பாருங்கள். விற்கிறவருக்கு நிலம் பார்வைக்கு நன்றாக இருந்தால் போதும், ரோட்டு முகப்பை மட்டும் சுத்தம் பண்ணச் சொல்வார். தூர் எடுக்கச் சொல்ல மாட்டார், அது வாங்குகிறவர் பாடு. காசு கேட்டால் "கிரயம் முடிந்ததும் தருகிறேன்" என்பார். கிரயம் எப்போது முடியும் என்று கடவுளுக்கே தெரியாது. இதில் தரகருக்குக் கமிஷன் வேறு.

கரி வியாபாரியும் விறகு வியாபாரியும் வேறு மாதிரி. எந்த ஊரில் எந்தக் காடு இந்த வாரம் வெட்டுப்படுகிறது, யாருடையது, எத்தனை ஏக்கர், எல்லாம் அவர்களுக்குத் தெரியும். மரம் வெட்டி முடித்த நிலம்தான் நம் வண்டி இறங்குவதற்குச் சரியான நிலம். முள் கிளைகள் இருக்காது, டயர் பஞ்சர் குறையும், தூர் கண்ணுக்குத் தெரியும். அப்புறம் இன்னொரு விஷயம், தூர்க்கரிக்கு நல்ல விலை உண்டு. மண்வெட்டியும் கடப்பாரையும் வைத்துத் தூர் தோண்டுவது ஆளைக் கொல்லும் வேலை என்பதால்தான் அவர்கள் அதை விட்டுவிட்டுப் போகிறார்கள். "எங்கே வெட்டு நடக்கிறது என்று சொல்லுங்கள், நிலத்துக்காரரிடம் நான் பேசிக்கொள்கிறேன், பிடுங்கின தூர் உங்களுக்கு" என்று சொன்னால் அவர் கமிஷன் கேட்க மாட்டார். நிலத்துக்காரருக்கும் குவிந்த தூரை எங்கே தள்ளுவது என்ற தலைவலி இல்லை.

இதிலும் இரண்டு கவனம் வேண்டும். வாடகையை நேராக நிலத்துக்காரரிடமே பேசி அவரிடமே வாங்குங்கள், வியாபாரி வழியாக வாங்காதீர்கள். தூர் யாருக்குப் போகிறது என்பதை நிலத்துக்காரருக்கு வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, சரி என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். தூரை ஏற்றும்போது பங்காளி ஒருத்தர் வந்து நிற்பது இந்தப் பக்கத்தில் புதிதில்லை.

தரகரை அடியோடு விட்டுவிடச் சொல்லவில்லை. அவரிடம் விற்கிறவர் நம்பரைக் கேட்காமல், வாங்கினவர் நம்பரைக் கேளுங்கள். புதிதாக வாங்கினவர் முதலில் செய்வது நிலத்தை அளப்பது. முள்ளுக்குள் சர்வேயர் சங்கிலி இழுக்க முடியாது, எல்லைக்கல் எங்கே என்றே தெரியாது. நாலு பக்கமும் எல்லை ஓரமாக ஒரு பாதை போட்டுக் கொடுக்கிற வேலை கொஞ்ச நேர வேலைதான், ஆனால் அதே ஆள்தான் பிறகு முழு நிலத்தையும் திருத்தக் கூப்பிடுவார். அந்த வகையில் தரகரைவிட, தனியாக அளவு வேலை பார்க்கிற சர்வேயர்கள் இன்னும் நல்ல பழக்கம்.

கூகுள் மேப்பா, ரீல்ஸா, ஜஸ்ட் டயலா?

இந்த மாவட்டங்களின் நிலத்துக்காரர்களில் ஊரில் இல்லாதவர்கள் நிறைய. சென்னையில் கடை வைத்திருப்பார், திருப்பூரில் கம்பெனி வேலையில் இருப்பார், சிங்கப்பூரிலோ துபாயிலோ இருப்பார். தாத்தா நிலம் முள் மண்டிக் கிடக்கிறது என்ற வருத்தம் அவருக்கு உண்டு, கையில் காசும் உண்டு. யாரைக் கூப்பிடுவது என்றுதான் தெரியாது. கரி வியாபாரி வழியாக இவர் கிடைக்க மாட்டார், டீக்கடை நோட்டீஸையும் பார்க்க மாட்டார். இவர் போனை எடுத்து ஊர் பெயரைப் போட்டு "ஜேசிபி வாடகை" என்று தேடுவார்.

அதற்குக் கூகுள் மேப்பில் தொழில் பெயரைப் பதிந்து வைத்தாலே போதும், காசு இல்லை. பரமக்குடி, முதுகுளத்தூர், அருப்புக்கோட்டை என்று நீங்கள் உண்மையில் வண்டி அனுப்பக்கூடிய ஊர்களை மட்டும் எழுதுங்கள். வேலைக்கு முன், பின் படங்களைப் போடுங்கள், தமிழில் எழுதுங்கள், வேலை முடிந்த அன்றைக்கே ஒரு மதிப்புரை கேளுங்கள்.

ஜஸ்ட் டயல் மாதிரி இடங்களில் காசு கட்டினால் விசாரணைகள் வரும், ஆனால் அதே விசாரணை இன்னும் சில வண்டிக்காரர்களுக்கும் போகும். போனை எடுத்ததும் "இன்னொருத்தர் நூறு ரூபாய் குறைவாகச் சொன்னார்" என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும். ரீல்ஸ் பார்க்க ஆள் உண்டு, பெரிய தூரைப் பிடுங்குகிற வீடியோவை எல்லோரும் விரும்பிப் பார்ப்பார்கள், ஆனால் பார்க்கிறவர் கோயம்புத்தூரில் இருப்பார், நீங்கள் கமுதியில் இருப்பீர்கள். ரோட்டில் மெதுவாக ஊர்ந்து போகிற வண்டியை அவ்வளவு தூரம் ஓட்ட முடியாது, லாரியில் ஏற்றினால் அந்த லாரி வாடகைக்கே வேலையில் வருகிற காசு சரியாகிவிடும். புதிதாகத் தொடங்கும்போது ரீல்ஸுக்கு நேரம் செலவிட வேண்டாம் என்றே சொல்வேன்.

வெளியூர்க்காரர் கிடைத்துவிட்டால் அவரை வைத்துக்கொள்வது வேறு வேலை. அவருக்கு மூன்று பயம். மணியைக் கூட்டிச் சொல்வார்களோ, பக்கத்து நிலத்துக்குள் வண்டி இறங்கி வம்பு வருமோ, மேலோட்டமாக வழித்துவிட்டுப் போய்விடுவார்களோ. மூன்றுக்கும் நம்மிடம் பதில் உண்டு. வண்டியிலேயே மணி மீட்டர் இருக்கிறது, தொடங்கும்போது ஒரு படம், நிறுத்தும்போது ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். இடமும் நேரமும் படத்திலேயே பதிகிற கேமரா செயலிகள் சும்மாவே கிடைக்கின்றன. பட்டாவையும் புல வரைபடத்தையும் தமிழ்நாடு அரசின் இ-சேவைத் தளத்தில் எடுத்துவிடலாம். அதை வைத்து எல்லையை அவரிடம் ஒருமுறை உறுதி செய்துகொண்டு, ஊரில் இருக்கிற அவருடைய சித்தப்பாவோ மாமாவோ ஒருத்தரை நிலத்தில் நிற்கச் சொல்லுங்கள். பிடுங்கின தூரைப் பக்கத்தில் ஒரு கடப்பாரையைப் போட்டுப் படம் எடுத்தால் எவ்வளவு ஆழத்திலிருந்து வந்தது என்று அவருக்கே தெரியும். இப்படிச் செய்கிறவருக்கு அட்வான்ஸ் கேட்காமலே வரும். அந்தப் படங்கள் அவர் ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கும் போகும், அதே ஊரைச் சேர்ந்த இன்னொருத்தர் கூப்பிடுவார். என்னைக் கேட்டால் இந்தத் தொழிலில் சரியாகக் கவனிக்கப்படாமல் கிடக்கிற வாடிக்கையாளர் இவர்தான்.

பிளாட் போடுகிறவரா, சோலார் வேலையா?

இரண்டும் பெரிய வேலை, இரண்டும் கடன். மனைப்பிரிவுக்கு டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி வாங்க வேண்டும், 500 சதுர மீட்டருக்கு மேலோ எட்டு மனைக்கு மேலோ போனால் ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிய வேண்டும். எனவே ஓரளவு பெரிய புரமோட்டர் யார், எங்கே பிளாட் போடுகிறார் என்று ரெரா தளத்திலேயே பார்க்கலாம். வேலை சுத்தமாக இருக்கும், ஏக்கர் கணக்கில் இருக்கும், ரோடு போடுவது வரை நீளும். ஆனால் மனை விற்றால்தான் அவருக்குப் பணம், அவருக்கு வந்தால்தான் உங்களுக்கு. காசுக்குப் பதில் ஒரு மனை எடுத்துக்கொள்ளுங்கள் என்ற பேச்சும் வரும், மாதத் தவணை கட்டுகிறவர் அதற்குத் தலையாட்டக் கூடாது.

கமுதியில் 2016-ல் சுமார் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சோலார் நிலையம் வந்ததிலிருந்து இந்தப் பக்கம் எல்லோர் கண்ணும் சோலார் மேல்தான். கம்பெனியிடம் நேராக வேலை கிடைக்காது. கம்பெனிக்குக் கீழ் ஒப்பந்ததாரர், அவருக்குக் கீழ் இன்னொருத்தர், அவருக்கும் கீழேதான் நாம். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கழியும், ஒவ்வொரு படியிலும் நாளும் தள்ளிப் போகும். டீசல் அவர்கள் பொறுப்பு, மாத வாடகை என்று பேசினால் மட்டும் போகலாம். டீசலை நம் கைக்காசில் ஊற்றிவிட்டுப் பில்லுக்கு அலைவது முதல் வருடத்தில் தாங்காது.

இந்த இரண்டுக்கும் போகிறவர்கள் உத்யம் (குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) பதிவு செய்துகொண்டு பில் போட்டுப் பழகுங்கள். குறு, சிறு தொழில்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 2024-ல் நடைமுறைக்கு வந்த வருமான வரி விதிப்படி, அந்தக் கெடுவுக்குள் தராத தொகையை, உண்மையில் கொடுக்கும் வரைக்கும் கம்பெனி செலவுக் கணக்கில் காட்ட முடியாது. கணக்கு மூடுகிற மார்ச் மாதத்தில் இதைச் சொல்லிக் கேட்டால் அக்கவுண்டண்ட் காதில் விழும்.

அரசு வேலை

2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக் கருவேலத்தை அகற்றச் சொன்னபோது தென் மாவட்டங்களில் வேலை மும்முரமானது. அதே வருடம் சென்னையில் அதற்கு இடைக்காலத் தடை வந்ததும் வேகம் அப்படியே அடங்கிவிட்டது. 2022-ல் அரசு அந்நியத் தாவரங்களுக்கென்று ஒரு கொள்கை வெளியிட்டது, நீதிமன்றமும் தொடர்ந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் உத்தரவை நம்பி வண்டி வாங்கினால் உத்தரவு நிற்கும்போது வண்டியும் நிற்கும். டெண்டருக்கு முன்வைப்புத் தொகை, முந்தைய வேலைக்கான சான்று எல்லாம் கேட்பார்கள், புது ஆளிடம் அது இருக்காது. கண்மாயில் நிற்கிற மரங்களும் பெரும்பாலும் ஏலத்துக்குத்தான் போகும், அது மர வியாபாரிகளின் களம்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. யார் கூப்பிட்டாலும் புறம்போக்கிலும் கண்மாய்க்குள்ளும் வண்டியை இறக்காதீர்கள், ஊர்ப் பெரியவர் சொன்னார் என்பதெல்லாம் வண்டியைப் பிடித்த பிறகு உதவாது. பட்டா நிலத்திலும் பனை நின்றால் கை வைக்காதீர்கள், பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-லேயே அரசு அறிவித்துவிட்டது.

வேளாண் பொறியியல் துறை விவசாயிகளுக்குப் புல்டோசரும் ஜேசிபியும் வாடகைக்கு விடுகிறது, தனியாரைவிடக் குறைந்த வாடகையில். அதோடு விலையில் மோத முடியாது. ஆனால் அறுவடை முடிந்து ஆடிக்குள் நிலத்தைத் தயார் பண்ண எல்லோரும் ஒரே நேரத்தில் பதிவு செய்வார்கள், காத்திருக்க வேண்டியிருக்கும். காத்திருக்க முடியாத விவசாயி நம்மிடம் வருவார். அவரிடம் வாடகையைக் குறைப்பதைவிட, சொன்ன நாளில் வண்டியை நிறுத்துவது பெரிய விஷயம். உள்ளூரில் ஏற்கனவே வண்டி ஓட்டுகிறவர்களிடமும் அந்தச் சமயத்தில் கையில் அடங்காத வேலை இருக்கும். அவர்களைப் போட்டியாகப் பார்க்காமல் போய் ஒரு வணக்கம் போட்டு வையுங்கள், மிச்ச வேலை உங்களுக்கு வரும்.

மணிக்கணக்கா, ஏக்கர் கணக்கா?

ஆள் பிடிப்பதில் இதற்கும் பங்கு உண்டு. ஊரில் இருக்கிற விவசாயி மணிக்கணக்கைத்தான் நம்புவார், கூடவே நின்று பார்ப்பார். வெளியூர்க்காரர் மொத்தமாக எவ்வளவு என்றுதான் கேட்பார். நிலத்தைப் பார்க்காமல் ஏக்கருக்கு இவ்வளவு என்று போனில் சொல்லிவிடாதீர்கள். வெட்டுப்பட்டு இரண்டு வருடம் ஆன தூரும் இருபது வருட மரமும் ஒன்றில்லை, கரிசலும் செம்மண்ணும் ஒன்றில்லை, ஈரம் இருந்தால் தூர் வருவதும் காய்ந்த பிறகு வருவதும் ஒன்றில்லை. ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டி எத்தனை தூர் வந்தது என்று எண்ணி, அதை வைத்து மொத்தத் தொகை சொன்னால் இரண்டு பக்கமும் சண்டை இல்லை.

விலை பேசும்போதே இன்னொன்றையும் சொல்லிவிடுங்கள். மண்ணில் விழுந்து கிடக்கிற விதை அடுத்த மழைக்கு முளைக்கும், ஆடு மாடு தின்ற நெற்று சாணியோடு வந்தும் முளைக்கும். இதைச் சொல்லாமல் விட்டால், கன்று முளைத்ததும் வேலை சரியில்லை என்று ஊரெல்லாம் பேச்சாகும். முன்பே சொல்லிவிட்டு, ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்து மண் ஈரமாக இருக்கிற மார்கழியில் நீங்களே போன் பண்ணி, "கன்று முளைத்திருக்கும், இப்போதே ரெண்டு ஆளை விட்டால் கையாலேயே பிடுங்கிவிடலாம், வண்டி வேண்டாம்" என்று சொல்லுங்கள். வண்டி வேண்டாம் என்று வண்டிக்காரரே சொல்வதை அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். பக்கத்து நிலத்துக்காரர் யாராவது விசாரித்தாரா என்று அந்தப் போனிலேயே கேட்டுவிடலாம்.