மர்ம வாய்ஸ்மெயிலுக்கு ஐபோன் தரும் மூன்று மருந்துகள்: எது கேட்கிறது, எது கேட்கவில்லை

அமெரிக்காவில் செல்போன் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. போன் அடித்தே இருக்காது, ஆனால் வாய்ஸ்மெயில் பெட்டியில், அதாவது நாம் எடுக்காத அழைப்பின் குரல் பதிவாகும் இடத்தில், புதிதாக ஒன்று உட்கார்ந்திருக்கும். திறந்தால் சில விநாடி வெறும் இரைச்சல், இல்லாவிட்டால் பாதியில் ஆரம்பித்து "ஒன்பதை அழுத்தவும்" என்று முடிகிற ஒரு குரல். இதற்கு ஐபோனிலேயே இருக்கும் மூன்று வசதிகளையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டேன். கடைசியாக வந்த கால் ஸ்கிரீனிங் ஒன்றுதான் உருப்படி. அதுவும் முழு நிவாரணம் இல்லை.

பேச்சே இல்லாத மெசேஜைப் பார்த்து யாரோ வேவு பார்க்கிறார்கள் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. பேச ஆள் பத்துப் பேர் இருந்தால் அதைவிட அதிகமான எண்களுக்கு இயந்திரம் ஒரே நேரத்தில் டயல் செய்கிறது, எடுத்தது மனிதனா மெஷினா என்று அது கண்டுபிடித்து வைப்பதற்குள் பீப் ஒலித்துவிடும், அந்த மௌனம் பதிவாகிவிடும். பாதி மெசேஜும் இதே கதைதான்: நம்முடைய 'இப்போது பேச இயலாது' என்ற பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த இயந்திரம் தன் பாட்டைப் பாட ஆரம்பித்துவிடுகிறது, நமக்கு வால் மட்டும் கிடைக்கிறது. அந்த ஒன்பதை மட்டும் அழுத்தாதீர்கள். இந்த எண்ணில் ஆள் இருக்கிறார் என்று நாமே சொல்லிக் கொடுப்பதாகிவிடும்.

சரி, வசதிகளுக்கு வருவோம். ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 13-இல், 2019-இல் வந்தது தெரியாத எண்களை மௌனமாக்கும் வசதி. போன் அடிக்காது, நிம்மதிதான், ஆனால் அத்தனை அழைப்பும் நேராக வாய்ஸ்மெயிலுக்குப் போகிறது. தொல்லை வாசலிலிருந்து திண்ணைக்கு இடம் மாறியதே தவிர போகவில்லை. டாக்டர் கிளினிக்கிலிருந்து அப்பாயின்ட்மென்ட் மாற்றக் கூப்பிட்டாலும் அதே குப்பைக்குள்தான் தேட வேண்டும்.

அப்புறம் 2023-இல், ஐஓஎஸ் 17-இல், லைவ் வாய்ஸ்மெயில். மெசேஜ் விடும்போதே அவர் பேசுவது எழுத்தாகத் திரையில் ஓடும், வேண்டியவர் என்றால் நடுவிலேயே எடுத்துப் பேசலாம். நெட்வொர்க் நிறுவனம் ஏற்கெனவே ஸ்பேம் என்று அடையாளம் போட்ட எண்ணாக இருந்தால் அது திரைக்கே வராமல் துண்டிக்கப்படும். நல்ல யோசனை, எனக்குப் பிடித்தும் இருந்தது. அம்மா ஊரிலிருந்து தமிழில் மெசேஜ் விடும்வரை. "சாப்பிட்டியா, போனை எடுக்க மாட்டியா" என்பதை அது ஆங்கிலமாக எழுத முயன்று பாடுபட்டதைப் பார்த்தால் அதன்மேலேயே பரிதாபம் வரும்.

ஐஓஎஸ் 26-இல், 2025 செப்டம்பரில் வந்த கால் ஸ்கிரீனிங் வேறு மாதிரி. தெரியாத எண் வந்தால் போனே எடுத்து, நீங்கள் யார், எதற்குக் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்கும், பதில் வந்த பிறகுதான் நமக்கு அடிக்கும். இயந்திரங்களுக்குப் பதில் சொல்லத் தெரிவதில்லை, ஆகவே பெரும்பாலானவை அங்கேயே கழன்றுகொள்கின்றன. என் பெட்டியில் மௌன மெசேஜ்கள் குறைந்தது கண்கூடாகத் தெரிகிறது. குறை என்னவென்றால், ஊரிலிருந்து வரும் அழைப்பு சில சமயம் சம்பந்தமே இல்லாத எண்ணில் வந்து விழும், அப்போது பெரியம்மாவிடம் ஆங்கிலக் குரல் ஒன்று விசாரித்தால் அவர் தவறான நம்பர் என்று வைத்துவிடுகிறார். டெலிவரி ஆட்களும் பாதிப் பேர் பொறுமையாகப் பதில் சொல்வதில்லை. அமைப்புகளில் ஆப்ஸ், அதற்குள் போன் என்று போனால் இதை ஆன் செய்யலாம், வேண்டியவர்களின் எண்களை முதலில் சேமித்துவிடுங்கள்.

இந்த மூன்றும் தொடமுடியாத ஒரு ரகம் உண்டு. அழைக்காமலேயே நெட்வொர்க்கின் சர்வரில் நேரடியாக மெசேஜைப் போட்டுவிட்டுப் போவது. போனுக்கு அழைப்பே வராதபோது போன் யாரை விசாரிக்கும்? அதுவும் அழைப்புதான், முன்அனுமதி வேண்டும் என்று 2022 நவம்பரில் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான எஃப்சிசி சொல்லிவிட்டது. ஆனால் கார் வாரண்டி விற்பதாகச் சொல்லிக் கூப்பிடும் கும்பல் ஒன்று 2021-இல் மூன்றே மாதத்தில் 500 கோடிக்கும் மேற்பட்ட அழைப்புகள் விட்டதற்கு, கிட்டத்தட்ட 30 கோடி டாலர் அபராதம் வந்தது 2023-இல்தான். அந்த வேகத்தை நம்பி நான் உட்கார்ந்திருக்கத் தயாரில்லை. என் நெட்வொர்க் நிறுவனத்தைக் கேட்டால், மாதச் சந்தா கட்டினால் இன்னும் நன்றாக வடிகட்டும் ஆப் தருகிறோம் என்கிறார்கள். அவர்கள் சர்வரில் விழும் குப்பையை அள்ள நான் ஏன் பணம் கட்ட வேண்டும்? வாய்ஸ்மெயில் பெட்டியையே இணைப்பிலிருந்து எடுத்துவிடச் சொல்லலாம் என்பது உண்மை, ஆனால் கிளினிக்கும் பிள்ளைகளின் பள்ளியும் மெசேஜ் விட்டே பழகியவர்கள், எனக்கு அது ஒத்துவராது.

கால் ஸ்கிரீனிங்குக்கு ஐந்துக்கு நாலு, லைவ் வாய்ஸ்மெயிலுக்கு மூன்று, வெறும் மௌனத்துக்கு ஒன்று. தமிழ் புரிந்துகொள்ள ஆரம்பித்தால் இரண்டாவதற்கு இன்னும் ஒன்று சேர்த்துப் போடுவேன்.