பழைய புல்லட் 350-க்கு ப்ரைமரி செயின் செட்: எதைப் பார்த்து வாங்கவேண்டும்?

காஸ்ட் அயர்ன் எஞ்சின் புல்லட்டில், எஞ்சின் சுழற்சியைக் கிளட்சுக்குக் கொண்டுபோகும் ப்ரைமரி செயின் இருக்கிற ப்ரைமரி கேஸைத் திறக்கும் முன் மூன்று சாமான்கள் கையில் இருக்கவேண்டும்: 3/8 அங்குல டூப்ளெக்ஸ் (இரட்டை வரிசை) செயின், செயினைத் தளராமல் தாங்கும் டென்ஷனர் பேடு, கேஸ் கவரில் ஆயில் ஒழுகாமல் அடைக்கும் கவர் ரப்பர். சென்னை ஜி.பி. ரோடு கடைகளில் செட்டாகவும் கேட்கலாம், தனித்தனியாகவும் கேட்கலாம். தனித்தனியாகப் பார்த்து வாங்குவதே மேல். செட்டில் மூன்றும் ஒரே தரத்தில் அமைவது அபூர்வம்.

முதலில், செயின்தான் கோளாறா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஐடிலில் இடது பக்கம் சத்தம் வந்தால் கிளட்ச் லீவரைப் பிடித்துப் பாருங்கள். சத்தம் மாறினால் கிளட்ச் பக்கம் சந்தேகப்படலாம். மாறவில்லை என்றால் செயின், டென்ஷனர் அல்லது லூசான ரோட்டர் நட் (ரோட்டர் என்பது கரண்ட் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரின் சுழலும் பாகம்; சுழலாத பாகம் ஸ்டேட்டர்). கிக்கர் வழுக்கினாலும் இந்தப் பக்கம்தான் பார்க்கவேண்டும். இந்த வண்டியில் கிக்கரின் விசை கியர்பாக்ஸ், கிளட்ச், ப்ரைமரி செயின் வழியாகத்தான் எஞ்சினுக்குப் போகிறது.

கியர் பெடல் வலது பக்கம் இருக்கும் மாடலில் இடது ஃபுட்ரெஸ்ட்டைக் கழற்றி, பிரேக் பெடலை ஒதுக்கி, கவரின் நடு நட்டைக் கழற்றினால் உள்ளே எல்லாம் தெரியும். கேஸின் உட்சுவரில் பளபளவென்று கோடு விழுந்திருந்தால் செயின் தளர்ந்து அடித்திருக்கிறது. ஆயில் செம்மண் நிறத்தில் இருந்தால் செயின் வறண்டு ஓடியிருக்கிறது. புதுச் செயினில் 32 கண்ணி நீளம் 304.8 மி.மீ.; இழுத்து அளந்து 309-ஐத் தாண்டினால் மாற்றிவிடுங்கள்.

செயின் வாங்கும்போது முழு வளையமாக வருவதையே கேளுங்கள். இரு முனைகளையும் கிளிப்பால் இணைக்கும் லாக் போட்ட செயினும் விற்கிறார்கள். கிளட்சைக் கழற்றாமலே மாட்டிவிடலாம் என்பதால் மெக்கானிக்குகளுக்குப் பிடிக்கும். ஆனால் கிளிப் தெறித்தால் அது விழும் இடம் ஸ்டேட்டரும் ரோட்டரும் சுழலும் செயினும் இருக்கிற அதே கேஸ். மிச்சமாகும் அரை மணி நேரத்துக்கு இந்த ஆபத்து தேவையில்லை. வளையச் செயினுக்கு ஸ்டேட்டர், ரோட்டர் கழற்றியபின் எஞ்சின் ஸ்ப்ராக்கெட்டையும் (செயின் ஓடும் பல்சக்கரம்) கிளட்சையும் ஒன்றாக இழுக்கவேண்டும். இறுகியிருந்தால் புல்லர் என்ற இழுப்புக் கருவிதான் போடவேண்டும்; ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் கேஸ் விளிம்பு உடையும். ஸ்ப்ராக்கெட் பற்கள் ஒரு பக்கம் சாய்ந்து தேய்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள், இல்லையேல் புதுச் செயின் சீக்கிரமே நீளும். திரும்ப மாட்டும்போது ரோட்டருக்கும் ஸ்டேட்டருக்கும் நடுவே, சுற்றிலும் எல்லா இடத்திலும் 0.2 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) தடையில்லாமல் நுழையவேண்டும்.

பேடு விஷயத்தில் மலிவு பார்க்கவே கூடாது. கியர்பாக்ஸ் எஞ்சினோடு நேரே போல்ட் செய்யப்பட்டிருப்பதால் அதைப் பின்னால் நகர்த்தி செயினை இறுக்க வழியில்லை. கீழிருந்து தாங்கும் இந்தப் பேடு ஒன்றுதான் செயினைச் சரியாக வைத்திருக்கிறது. வாங்கும்போது உராயும் மேல்பகுதி இரும்பிலிருந்து விளிம்பில் பிரிந்திருக்கிறதா, பின் (pin) நுழையும் துளை லொடலொடக்கிறதா என்று பாருங்கள். இரண்டில் எது இருந்தாலும் வேண்டாம். மாட்டியதும் எஞ்சினைச் சுற்றிச் சுற்றிப் பல இடங்களில் செயினின் ஆட்டம் பாருங்கள். மிக இறுக்கமான இடத்தில் மேல் செயினில் 6 மி.மீ. ஆட்டம் இருக்கவேண்டும். டென்ஷனரின் லாக் நட்டை முறுக்கியபின் ஆட்டத்தை மறுபடி பாருங்கள், அநேகமாக மாறியிருக்கும்.

கவர் ரப்பர் விலை குறைந்த சாமான், ஒவ்வொரு முறையும் புதிதே போடலாம். ஒழுகுகிறது என்று நடு நட்டை மேலும் மேலும் முறுக்கினால் கவர் வளைந்து ஒழுக்கு கூடும். ரப்பர் பள்ளத்தில் முழுக்க உட்கார்ந்திருக்கிறதா என்பதே முக்கியம்.

ப்ரைமரி கேஸுக்கு ஆயில் 420 மி.லி. வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, லெவல் ஸ்க்ரூ வழியாகச் சொட்டுவது நின்றபின் மூடுங்கள். அதிகமானால் கிளட்ச் வழுக்கும். சில நாள் ஓட்டியபின் லெவல் தானாகவே ஏறி, எஞ்சின் ஆயில் குறைந்தால், எஞ்சின் ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் கிராங்க் சீல் (எஞ்சின் ஆயில் இந்தக் கேஸுக்குள் வராமல் தடுக்கும் அடைப்பு) போய்விட்டது. அதைச் செயின் கழற்றியிருக்கும்போதே மாற்றிவிட்டால் இரண்டாம் முறை திறக்கவேண்டாம்.