பெயர் எழுதாத டப்பா: புற்றுநோய் சிகிச்சை முடித்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடித்து வீடு திரும்பியவர்களைக் குறிவைத்து ‘உடலை மீட்கும் ஆயுர்வேதத் திட்டம்’ என்று ஒன்றை விற்கிறார்கள். மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்த என் அக்கா அப்படி ஒன்றில் சேர்ந்தார். முன்பணமாகக் கட்டிய முழுத் தொகையும் போனது. அதைவிட, கல்லீரல் கெட்டுப்போகும் நிலைக்கு வந்தது. புகார் நிலுவையில் இருப்பதால் நிலையத்தின் பெயரை எழுதவில்லை. அவர்கள் நடந்துகொண்ட விதத்தை எழுதுகிறேன். வேறு பெயர்ப் பலகையின் கீழ் இதையே பார்த்தால் அடையாளம் தெரியும்.

அக்காவை ஏமாளி என்று யாரும் நினைக்க வேண்டாம். சிகிச்சைக்குப் பின் வரும் களைப்பு, தூக்கமின்மை, விரல் நுனிகள் மரத்துப்போவது எல்லாவற்றுக்கும் பெரிய மருத்துவமனையில் “போகப் போகச் சரியாகிவிடும்” என்ற பதில்தான் கிடைத்தது. இந்த நிலையத்தில் உட்காரவைத்துப் பொறுமையாகப் பேசினார்கள், நாடி பார்த்தார்கள். “கீமோ நஞ்சு இன்னும் உங்கள் உடம்பில்தான் இருக்கிறது அம்மா, அதை வெளியேற்றாமல் தெம்பு எப்படி வரும்?” என்று கேட்டார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான கீமோ மருந்துகள் சில நாட்களிலேயே சிறுநீரகம், கல்லீரல் வழியாக வெளியேறிவிடுகின்றன. விரல் நுனிகளை மாதக்கணக்கில் மரத்துப்போக வைப்பது அவை நரம்புகளில் விட்டுப்போன சேதம். பேதிக்குக் கொடுத்து அதை வெளியே தள்ள முடியாது. விரேசனம் என்ற பெயரில் இவர்கள் கொடுத்த பேதி மருந்தால் அக்காவுக்கு இருந்த கொஞ்சத் தெம்பும் போனது.

அக்காவின் அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்திருக்கிறார்கள். அந்தக் கையில் கடும் சூடும் அழுத்தமான தேய்ப்பும் கூடாது, வீக்கம் வரலாம் என்று மருத்துவமனையிலேயே எச்சரித்திருந்தார்கள். இங்கே அதே கைக்குச் சுடச்சுட எண்ணெய் தேய்த்து ஆவி பிடித்தார்கள். கை வீங்கியதும் “தோஷம் இறங்குகிறது, நல்ல அறிகுறி” என்றார்கள். எது நடந்தாலும் நல்ல அறிகுறி என்பவரிடம் என்ன வாதாடுவது?

உண்மையான ஆபத்து டப்பாக்களில் இருந்தது. ஒரு சூரணம், ஒரு லேகியம், சிவப்பாக ஒரு மாத்திரை. டப்பாவின் மேல் அக்காவின் பெயரும் ‘காலை, இரவு’ என்ற குறிப்பும் மட்டும். என்ன மூலிகை, எவ்வளவு, யார் தயாரித்தது, எப்போது காலாவதி, எதுவும் கிடையாது. கேட்டதற்கு “பரம்பரை ரகசியம்” என்றார்கள். விடாமல் போன் செய்த பிறகு வாய்மொழியாகச் சிலவற்றைச் சொன்னார்கள்: அமுக்கரா, சீந்தில், செறிவூட்டிய மஞ்சள் சாறு, திரிகடுகு, தண்ணீர்விட்டான் கிழங்கு. மாத்திரையில் “ஒரு பற்பம்”, அதாவது உலோகத்தையோ தாதுப்பொருளையோ புடமிட்டு எடுத்த பொடி, உண்டாம். எந்தப் பற்பம் என்பதைக் கடைசிவரை சொல்லவில்லை.

அவர்கள் சொன்ன பட்டியலை மட்டும் எடுத்துக்கொள்வோம். அமுக்கரா, சீந்தில், செறிவூட்டிய மஞ்சள் மூன்றுமே சிலருக்குக் கல்லீரல் அழற்சியை உண்டாக்கியதாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன. எல்லோருக்கும் வருவதில்லை. ஆனால் கீமோவைத் தாண்டி வந்த ஒருவருக்கு மூன்றையும் ஒன்றாகக் கொடுக்குமுன் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டாமா? செய்யவில்லை. பழைய அறிக்கைகளைக்கூட வாங்கிப் பார்க்கவில்லை.

அக்கா தினமும் டமாக்சிஃபென் சாப்பிடுகிறார். ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனின் தூண்டுதலால் வளரும் கட்டி மறுபடி வராமலிருக்க ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வரை தரப்படும் மாத்திரை அது. கல்லீரல் அதை எண்டாக்சிஃபென் என்ற பொருளாக மாற்றிய பிறகுதான் முழுமையாக வேலை செய்யும். மஞ்சளின் குர்குமினோடு மிளகின் பைபரினும் சேரும்போது இரத்தத்தில் எண்டாக்சிஃபென் அளவு குறைகிறது என்று நெதர்லாந்தில் நடந்த ஒரு சிறிய ஆய்வு 2019-இல் வெளியானது. திரிகடுகு என்றால் சுக்கு, மிளகு, திப்பிலி; பின்னிரண்டிலும் பைபரின் உண்டு. ரசத்தில் போடும் மிளகையும் குழம்பில் போடும் மஞ்சளையும் பற்றி நான் பேசவில்லை, அவற்றைச் சாப்பிடலாம். செறிவூட்டிய சாறு வேறு சங்கதி. தண்ணீர்விட்டான் கிழங்குக்கு ஈஸ்ட்ரோஜனை ஒத்த தன்மை இருக்கலாம் என்பதால், இத்தகைய கட்டி வந்தவர்களை அக்காவின் மருத்துவர் அதிலிருந்து விலகியிருக்கச் சொல்கிறார். இத்தனைக்கும், “வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?” என்று அந்த நிலையத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

பிறகு அவர்களாகவே அந்தப் பேச்சை எடுத்தார்கள், வேறு நோக்கத்தோடு. “அந்த ஆங்கில மாத்திரை கர்ப்பப்பையைக் கெடுக்கும், கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திவிடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.” டமாக்சிஃபெனால் கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சிறிதளவு கூடுவது உண்மை, அதற்காகத்தான் இரத்தப்போக்கு இருந்தால் உடனே வரச் சொல்கிறார்கள். அந்த உண்மையில் பாதியை மட்டும் எடுத்துப் பயம் காட்டினார்கள். 2018-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், வழக்கமான சிகிச்சையுடன் மாற்று மருத்துவத்தையும் சேர்த்துக்கொண்டவர்களுக்கு மரண அபாயம் ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. அவர்களில் பலர் அறுவை சிகிச்சையையோ கீமோவையோ ஹார்மோன் மாத்திரையையோ மறுத்துவிட்டார்கள் என்பதே முக்கியக் காரணமாகத் தெரிந்தது. மூலிகை பக்கத்தில் வந்து உட்கார்கிறது, பிறகு மாத்திரையை எழுப்பி அனுப்பிவிடுகிறது.

நல்ல வேளையாக அக்கா மாத்திரையை நிறுத்தவில்லை. ஆனால் சில வாரங்களில் பசி அற்றுப்போய், சிறுநீர் மஞ்சளாகி, வழக்கமான இரத்தப் பரிசோதனையில், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி அளவு பல மடங்கு ஏறியிருந்தது. கல்லீரலுக்குப் பரவிவிட்டதோ என்று ஸ்கேன் எடுத்தார்கள். முடிவு வரும்வரை வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. பரவல் இல்லை. டப்பாக்களை நிறுத்தியதும் அளவு மெல்ல இறங்கி இயல்புக்கு வந்தது. பற்பம் என்று கேட்டதும் மருத்துவர் ஈயம், பாதரசத்துக்கும் சோதிக்கச் சொன்னார். 2008-இல் இணையத்தில் வாங்கிய ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்த ஓர் அமெரிக்க ஆய்வில் ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தது. அக்காவுக்கு அந்த அளவுகள் இயல்பாகவே இருந்தன. அதற்காக அந்த நிலையத்துக்கு நன்றி சொல்லும் மனநிலையில் நான் இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது “பத்தியம் சரியாக இருக்கவில்லை” என்று பழியை அக்கா மேலேயே போட்டார்கள். டப்பாவில் ஏன் விவரம் இல்லை என்று கேட்டேன். தன் நோயாளிக்குத் தானே தயாரித்துத் தரும் வைத்தியருக்கு உரிமம் தேவையில்லை என்றார்கள். சட்டத்தில் அப்படி ஒரு விலக்கு உண்மையிலேயே இருக்கிறது. எதிரே இருக்கும் நோயாளிக்கு அரைத்துக் கொடுக்கும் வைத்தியருக்கான சலுகை அது. துண்டுப் பிரசுரம் அச்சடித்து, ஊர் ஊராகக் கூரியரில் அனுப்புகிறவர்கள் அதற்குள் ஒளிந்துகொள்வது அநியாயம். உரிமம் பெற்று விற்கும் ஆயுர்வேத மருந்தில் சேர்மானங்கள், அவற்றின் அளவு, உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி எல்லாம் இருந்தாக வேண்டும். அவர்களின் பிரசுரத்தில் ‘புற்றுநோய் மீண்டும் வராமல் தடுக்கும்’ என்ற வரியும் இருந்தது. புற்றுநோயைக் குணப்படுத்துவதாகவோ தடுப்பதாகவோ மருந்து விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டப்படி குற்றம்.

ஆயுர்வேதத்தின் மேல் எனக்குப் பகை இல்லை. இதற்குப் பிறகு பட்டம் பெற்று, முறையாகப் பதிவு செய்த ஓர் ஆயுர்வேத மருத்துவரைப் பார்த்தோம். அறிக்கைகளைப் படித்தார், மாத்திரைப் பட்டியலைக் கேட்டார். கல்லீரல் சீராகும்வரை உள்ளுக்கு எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டு நேரம், மூச்சுப் பயிற்சி, எளிய யோகாசனம் இவற்றை மட்டும் எழுதிக் கொடுத்தார். எழுதிய தாளைப் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டச் சொன்னதும் அவரேதான். அக்கா இப்போது ஓரளவு தூங்குகிறார்.

வீட்டில் இப்படிப்பட்ட டப்பா இருந்தால் அதைக் கோபத்தில் குப்பையில் போட்டுவிடாதீர்கள். மீதி மருந்து, ரசீது, பிரசுரம், வாட்ஸ்அப் செய்திகள், முன்னும் பின்னும் எடுத்த இரத்த அறிக்கைகள் எல்லாவற்றையும் வைத்திருங்கள். மாநில மருந்து உரிம அதிகாரிக்கும் நுகர்வோர் ஆணையத்துக்கும் இவற்றோடுதான் போக முடியும். புற்றுநோய் மருத்துவரிடமும் எதையும் மறைக்க வேண்டாம். திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும். என்ன சாப்பிட்டார் என்று தெரிந்தால்தான் அவரால் கல்லீரலைக் காப்பாற்ற முடியும்.