திருச்சியா, சென்னையா? டெல்டாக் குடும்பத்துக்கு ஏற்ற அறிவியல் மையம்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் இருந்து பிள்ளைகளை ஒருநாள் அறிவியல் மையத்துக்குக் கூட்டிப்போகலாம் என்று பேச்சு எடுத்தால், அது இரண்டு இடத்தில்தான் வந்து நிற்கும். ஒன்று, திருச்சி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் புதுக்கோட்டைச் சாலையில் இருக்கும், கோளரங்கத்தோடு கூடிய அண்ணா அறிவியல் மையம். இன்னொன்று, சென்னை கோட்டூர்புரத்தில் இருக்கும் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையமும் அதே வளாகத்து பிர்லா கோளரங்கமும். பிர்லா கோளரங்கம் 1988-இல் வந்தது, திருச்சி மையம் 1999-இல். இரண்டும் மாநில அரசுடையவை. பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதுக்குள் என்றால் எங்கள் ஓட்டு திருச்சிக்கே.

அளவில் போட்டியே கிடையாது, சென்னைதான் பெரியது. கூடங்கள் அதிகம், காட்சிப்பொருள்கள் அதிகம். காந்தி மண்டபம் சாலையிலேயே அண்ணா நூற்றாண்டு நூலகம், கொஞ்சம் தள்ளி கிண்டி சிறுவர் பூங்கா, பாம்புப் பண்ணை. இதையெல்லாம் யாரும் மறுக்கப்போவதில்லை.

கணக்கு மாறுவது தூக்கத்தில். கும்பகோணத்திலிருந்து சென்னை சுமார் 300 கிலோமீட்டர். ஒரே நாளில் முடிக்க வேண்டுமானால் உழவன் எக்ஸ்பிரஸ் மாதிரி ராத்திரி வண்டியில் போய் மறுநாள் ராத்திரி வண்டியில் திரும்ப வேண்டும். பெர்த் கிடைத்தாலும் பிள்ளை அரைத்தூக்கம்தான் தூங்கும். சென்னையில் விடியும் முன்னோ விடிந்த கையோடோ இறங்கினால், மையம் திறக்கும்வரை குளிக்க, சாப்பிட, உட்கார இடம் தேட வேண்டும். அப்புறம் கூடங்களைச் சுற்றிவிட்டு மத்தியானம் கோளரங்கத்துக்குள் நுழைகிறீர்கள். உள்ளே இருட்டு, ஏசி குளிர், சாய்ந்து படுக்கும் நாற்காலி, மெல்லிய குரலில் விளக்கம். வியாழன் கோள் வருவதற்குள் பிள்ளை தூங்கிவிடும். எதற்காகப் புறப்பட்டோமோ, சரியாக அதுதான் கைநழுவிப் போகிறது. பெரியவர்களும் தப்புவதில்லை.

தஞ்சாவூரிலிருந்து திருச்சி 55 கிலோமீட்டர் அளவு, கும்பகோணத்திலிருந்து 90. வீட்டில் நன்றாகத் தூங்கி, இட்லி சாப்பிட்டுக் கிளம்பி, மையம் திறக்கும் நேரத்தில் வாசலில் நிற்கலாம். ஜங்ஷனில் இறங்கினால் டி.வி.எஸ். டோல்கேட் வழியாக விமான நிலையம் போகும் பஸ்ஸோ ஆட்டோவோ போதும். மயிலாடுதுறைக்குக் கிழக்கே இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் இறுகும். நாகப்பட்டினம், சீர்காழிக்காரர்கள் முதல் வண்டியைப் பிடித்தால்தான் உண்டு.

உள்ளே போனதும் முதலில் கோளரங்கக் காட்சி நேரங்களைக் கேட்டு, தமிழ்க் காட்சிக்குச் சீட்டு வாங்கிவிடுங்கள். தமிழும் ஆங்கிலமும் மாறி மாறி ஓடுவதால் ஒன்றைத் தவறவிட்டால் காத்திருப்பு நீளம். முற்பகல் காட்சியே நல்லது. சாப்பாட்டுக்கு அப்புறம் போனால் மேலே சொன்ன தூக்கம் திருச்சிக்கும் வந்து சேரும். பத்து நிமிடம் முன்னதாகவே வரிசையில் நில்லுங்கள், வெளிச்சத்திலிருந்து தாமதமாக உள்ளே நுழைந்தால் ஒன்றும் தெரியாது. கண்ணில் மங்கிய ஒளியைப் பார்க்கும் செல்கள் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். நடுவில் ஒருவர் செல்போனைத் திறந்தாலும் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அந்தப் பழக்கம் கலைந்துவிடும். குவிமாடத்தின் நடுவில், வானத்தைக் காட்டும் எந்திரத்தை ஒட்டி உட்கார்ந்தால் எந்திரமே வானத்தை மறைக்கும். சுவரோரப் பின்வரிசை கழுத்துக்கும் இதம்.

மையம் சிறியதாக இருப்பதில் ஒரு லாபம் இருக்கிறது. கூடத்தை இரண்டு தடவை சுற்றலாம். முதல் சுற்றில் பிள்ளை எல்லாப் பொத்தானையும் தட்டித் தீர்க்கட்டும். இரண்டாவது சுற்றில்தான் விஷயமே ஆரம்பம். சென்னையில் அத்தனை கூடங்களையும் ஒரே நாளில் முடிக்கும் அவசரத்தில் இந்த இரண்டாவது சுற்று நடப்பதே இல்லை.

இப்படிப்பட்ட மையங்களில் "இது ரிப்பேர்" என்று சொல்லிவிட்டு நகரும் பொருள்களில் பல, இயக்கத் தெரியாததால் ஓடாதவை. உள்ளங்கை மின்கலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் செம்புத் தகடு, மறுபக்கம் அலுமினியத் தகடு. கை வியர்வைதான் மின்பகு திரவம், அதாவது மின்சாரத்தைக் கடத்தும் திரவம். தகட்டுக்கு ஒன்றாக இரண்டு கையையும் வைக்க வேண்டும். காய்ந்த கையை வைத்தால் மின்னோட்டத்தைக் காட்டும் முள் அசையாது. கையை லேசாக நனைத்து, உள்ளங்கை முழுக்கப் படும்படி அழுத்தினால் நகரும். தகடு கறுத்துப்போயிருந்தால் மட்டும் அது உண்மையிலேயே பராமரிப்புக் குறை. எதிரெதிராக நிற்கும் இரண்டு பெரிய கிண்ணங்களில் கிசுகிசுப்பது இன்னொன்று. பிள்ளைகள் தோழனைப் பார்த்துக் கத்துவார்கள், அது தப்பு. தோழனுக்கு முதுகைக் காட்டி, தன் பக்கக் கிண்ணத்தைப் பார்த்தபடி, ஒலி குவியும் இடத்தில் இருக்கும் வளையத்துக்குள் மெதுவாகப் பேச வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாக வந்துவிட்டால் இரைச்சலில் இது எடுபடாது.

மேட்டை நோக்கி உருளுவதுபோல் தெரியும் இரட்டைக் கூம்பை, அதாவது அடிப்பக்கம் ஒட்டிய இரண்டு கூம்புகளை, தள்ளிவிடக் கூடாது. தண்டவாளம் குறுகித் தாழ்ந்திருக்கும் முனையில் வைத்துவிட்டுக் கையை எடுத்தால் தானாகப் போகும். தண்டவாளம் அகல அகலக் கூம்பு அதற்குள் இறங்குகிறது. கூம்பின் நடுப்புள்ளியைப் பக்கவாட்டில் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள், அது கீழே போவது தெரியும். தலைமயிரைக் குத்திட வைக்கும் நிலைமின் கருவி எங்கே இருந்தாலும், ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அதை நம்பிப் போக வேண்டாம். ஈரக் காற்றில் மின்னேற்றம் தங்காமல் கசிந்துவிடும். தை, மாசிதான் தோது. சித்திரை, வைகாசி வெயிலில் வெளியே பூங்காவில் இருக்கும் இரும்புச் சாதனங்கள் கையைச் சுடும், அதைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும்.

சாப்பாட்டுக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போவதே மேல், கூடத்துக்குள் பிரிக்காதவரை. சீட்டுக்குச் சில்லறை இருக்கட்டும். "இவ்வளவு தூரம் வந்தாச்சு, மலைக்கோட்டையும் ஏறிவிடலாம்" என்று வீட்டில் யாராவது ஆரம்பிப்பார்கள், அதற்கு மட்டும் இசைய வேண்டாம். காரில் வந்தவர்கள் திரும்பும்போது கல்லணை வழியாக வரலாம். காற்றாட உட்காரவும் இடம் இருக்கிறது, தண்ணீரைப் பிரித்து விடுவதைப் பிள்ளை கண்ணால் பார்க்கவும் செய்யும்.

ஒன்பதாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளை என்றால், அல்லது சென்னையில் ராத்தங்கச் சொந்தக்காரர் வீடு இருந்தால், மேலே சொன்ன வாதம் பாதி விழுந்துவிடும். அப்போது சென்னைக்கே போங்கள், நூலகத்துக்கும் அரைநாள் ஒதுக்குங்கள். பன்னிரண்டு வயதுக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் இடைப்பட்ட பிள்ளைகள் விஷயத்தில் உறுதியாகச் சொல்வதற்கில்லை, அது அந்தந்தப் பிள்ளையின் பொறுமையைப் பொறுத்தது.

முழுநாள் ஒதுக்க முடியாதவர்களுக்குத் தஞ்சாவூரிலேயே இந்திய உணவுக் கழகத்தின் உணவு அருங்காட்சியகம் இருக்கிறது. கழகத்தின் முதல் அலுவலகம் 1965-இல் தஞ்சாவூரில்தான் திறக்கப்பட்டது. அந்த நினைவில், பெங்களூரு விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்தோடு சேர்ந்து அமைத்து 2021 நவம்பரில் திறந்தார்கள். வேட்டையாடிய காலத்திலிருந்து உழவு வரை, தானியம் சேமித்த விதங்கள் என்று கதை போகிறது. நெல் சேமிக்கும் பத்தாயம், குதிர் இரண்டையும் பார்த்திராத டெல்டாப் பிள்ளைகள் இப்போது நிறைய. ஒரு மணி நேரத்தில் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே வந்துவிடலாம்.