மிச்ச சூரிய மின்சாரத்தில் வெந்நீர்: 14 மாத அனுபவம்

பக்கத்துத் தெரு நண்பர் கூரையில் பேனல் போட்டிருக்கிறார். "அண்ணே, மிச்ச கரண்டை வாட்டர் ஹீட்டருக்குத் திருப்பிவிடுற பெட்டி வச்சிருக்கீங்களே, நானும் வாங்கவா?" என்று கேட்டார்.

எங்கள் தரைவீட்டில் 5 யூனிட் பேட்டரி, 50 லிட்டர் ஹீட்டர், கூடவே இந்தப் பெட்டி. 14 மாதம் ஆகிறது. முதல் ஏழு மாதம் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. பள்ளியிலிருந்து வந்த பிள்ளைகள் குளித்ததும் தொட்டி ஆறிவிடும். மூன்று மணிக்கு இருட்டிக்கொண்டு மழை இறங்கும். அப்போது மிச்சம் ஏது? ஆனாலும் ஹீட்டரின் சிவப்பு விளக்கு எரியும். கைப்பேசியில் பேட்டரியின் ஆப்பைத் திறந்தால், ஒரு ஃபேன் மட்டும் ஓடும் வீட்டுக்குப் பேட்டரியிலிருந்து 1,200 வாட் போய்க்கொண்டிருக்கும். இரவு ஏர்கானுக்குச் சேர்த்துவைத்தது போச்சு.

பொருத்திய நிறுவனத்தார் மூன்று முறை வந்து, "அப்படித்தான் இருக்கும் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அப்படி இருக்கக் கூடாது! கடைசியில் வேறொரு எலக்ட்ரீஷியன் பத்தே நிமிடத்தில் சரிசெய்தார். பெட்டி, பேட்டரி இரண்டுமே மீட்டரில் கரண்ட் வெளியே போவதும் உள்ளே வருவதும் பூஜ்யமாக இருக்கும்படி பார்த்துக்கொள்கின்றன. ஹீட்டர் இழுப்பதை வீட்டுச் செலவு என்று எண்ணிப் பேட்டரி ஈடுகட்டுகிறது. மீட்டர் பூஜ்யத்திலேயே நிற்பதால் பெட்டியும் நிறுத்துவதில்லை. 100 வாட்டுக்கு மேல் வெளியே போனால்தான் பெட்டி விழிக்கட்டும் என்று மாற்றிவைத்தார். அன்றிலிருந்து பேட்டரி நிறைந்த பிறகுதான் தொட்டிக்குப் பங்கு.

காசுக் கணக்கில் இது தேறாது. 28 டிகிரித் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுபோக 1.9 யூனிட் போதும். அதைத் தொட்டிக்குத் திருப்பாமல் வெளியே அனுப்பினாலும், கிரிட் கட்டணம், அதாவது பொது மின்கம்பிகளுக்கான கட்டணம், போக மீதி நம் மின்கட்டணத்தில் கழிந்துவிடும். ஆக, யூனிட்டுக்குச் சில காசுதான் லாபம். வாரம் முழுக்கச் சேர்த்தாலும் ஒரு கோப்பிக்குத் தேறினால் அதிகம். டிசம்பர் அடைமழையில் பெட்டி சும்மா கிடக்கும். பழையபடி சுவிட்சைப் போட வேண்டியதுதான்.

ஆனால் அம்மா. ஹீட்டரைப் போட்டுவிட்டு, பில் ஏறுமே என்று சுவிட்சுக்குப் பக்கத்திலேயே துண்டோடு நிற்பார். பத்து நிமிடத்தில் அணைத்துவிட்டு வெதுவெதுப்பில் குளிப்பார். இப்போது சாயங்காலம் குழாயைத் திறந்தால் கொதிக்கக் கொதிக்க வருகிறது. "வெயில் காய்ச்சின தண்ணிதானே" என்று முழங்கால் வலி தீர ஊற்றிக்கொள்கிறார்.

நண்பரிடம் வாங்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். "அப்போ உங்களோடதை எனக்குக் கழட்டிக் கொடுங்களேன்" என்றார். தரமாட்டேன் என்றேன்.