திறந்த பாடநூலா, அச்சுப் பாடநூலா?

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் முதலாம் வருடத்துக்குப் படிப்பிக்கும் நண்பர்கள் செமஸ்டர் தொடங்கும்போதெல்லாம் கேட்பது இதைத்தான். திறந்த பாடநூல் என்றால் இலவசமாக இறக்கி, உரிமம் விடும் அளவுக்கு மாற்றிப் பகிரக்கூடிய நூல்.

செலவு
அச்சு: இறக்குமதி நூலின் விலையைக் கேட்டதும் பிள்ளைகள் நேராகப் போட்டோக்கொப்பிக் கடைக்குத்தான் போவார்கள்.
திறந்தது: பிடிஎஃப் இலவசம். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தினுடைய திறந்த பாடநூல் திட்டமான ஓப்பன்ஸ்டாக்ஸ் 2012 முதல் இப்படி வெளியிடுகிறது.

பாவிக்க இலகு
அச்சு: கரண்ட் போனாலும் படிக்கலாம்.
திறந்தது: சின்ன ஃபோனில் வரைபடம் பார்ப்பது கண்ணுக்குத் தண்டனை. ஆனால் ஒருமுறை இறக்கிப் பென்டிரைவில் கொடுத்துவிட்டால் டேட்டா தேவையில்லை.

மாற்றும் உரிமை
அச்சு: அனுமதியில்லாமல் ஒரு அத்தியாயத்தையும் திருத்திப் பகிர முடியாது.
திறந்தது: எனக்கு இதுதான் பெரிய விசயம். பொருளியலில் கேள்வி, நிரம்பல் பாடத்தில் உதாரணமாக இருந்த டொலர் விலைப் பீட்சாவைத் தூக்கிவிட்டு, வாவி இறாலின் விலையைப் போட்டேன். வகுப்பு உடனே விழித்துக்கொண்டது! ஆனால் உரிமத்தைப் பாருங்கள். ‘சிசி பை’ (CC BY, கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமங்களில் ஒன்று) என்றால் மூலத்தையும் உரிமத்தையும் செய்த மாற்றத்தையும் குறிப்பிட்டால் போதும். ‘என்டி’ (ND, மாற்றத்துக்கு அனுமதியில்லை) என்றிருந்தால் மாற்றியதைப் பகிர முடியாது; தமிழாக்கமும் அதில் அடங்கும்.

மொழி
இரண்டும் பெரும்பாலும் ஆங்கிலம்தான்.

சரி, எது யாருக்கு? அடிப்படைப் பாடங்களுக்குத் திறந்த நூலே போதும். முக்கிய அத்தியாயங்களை மட்டும் பிரிண்ட் எடுத்துக் கொடுங்கள். இலங்கைச் சட்டம், உள்ளூர் வரி போன்றவற்றுக்கு அச்சு நூலை நூலகத்தில் இரண்டு பிரதி வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.