ஆபிரகாமுக்கு ஒர்டேலியுஸ், சிலுவைப்பாதைக்கு ஆட்ரிகோம்

16-ஆம் நூற்றாண்டு வேதாகம வரைபடம் என்று தேடினால் முதலில் கண்ணில் படுவது ஹைன்ரிஷ் பூண்டிங் 1581-இல் வெளியிட்ட மூவிலைப் படம்தான். ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா மூன்றும் மூன்று இலைகள். அவை கூடும் இடத்தில் எருசலேம். இடது கீழ் மூலையில் அமெரிக்கா லேசாகத் தலைகாட்டும். அந்த மூவிலை வடிவம் பூண்டிங்கின் சொந்த ஊரான, ஜெர்மனியின் ஹனோவரின் சின்னம். அழகுதான், ஆனால் வழி பார்க்க உதவாது. வேதாகம மாந்தர் எங்கிருந்து எங்கே எத்தனை மைல் போனார்கள் என்று அவர் போட்ட கணக்கெல்லாம் அந்தப் படம் வந்த புத்தகத்தின் உள்ளே இருக்கிறது.

வேதாகமம் படிக்கும்போது பக்கத்தில் வைத்துக்கொள்ள எந்தப் படம் என்று கேட்டால், உண்மையான போட்டி 1590-இல் வெளிவந்த இரண்டுக்குள்தான்.

ஆண்ட்வெர்ப்பின் வரைபடக் கலைஞர் ஆபிரகாம் ஒர்டேலியுஸ் தன் பெயர்கொண்ட முற்பிதாவுக்கே ஒரு படம் போட்டார். நடுவில் கானான் தேசம், சுற்றிலும் அந்த முற்பிதாவின் வாழ்க்கையைச் சொல்லும் 22 வட்டச் சித்திரங்கள். கானானுக்கு வந்த நெடும்பயணத்துக்கு மூலையில் தனியாக ஒரு குட்டி வரைபடம். ஒரே மனிதர், ஒரே கதை, குழப்பமே இல்லை. என்ன, கண் சித்திரங்களிலேயே நின்றுவிடும், நிலம் இரண்டாம் பட்சம்தான்.

கிறிஸ்டியான் வான் ஆட்ரிகோம் நேர் எதிர். டெல்ஃப்டைச் சேர்ந்த கத்தோலிக்க குரு. சமயப் பூசலில் ஊரைவிட்டு வெளியேறி, கொலோனில் 1585-இல் இறந்தார். அவருடைய பெரிய நூல் அதன் பிறகே அச்சானது. அதிலுள்ள தேச வரைபடத்தில் கிழக்கு மேலே இருக்கும், மத்தியதரைக் கடல் கீழே. பன்னிரண்டு கோத்திரங்களின் பங்குகள், வனாந்தரத்தில் இஸ்ரவேலர் போன வழி, சவக்கடலுக்குள் எரியும் சோதோம், கொமோரா என எல்லாக் காலமும் ஒரே கல்யாண ஃபோட்டோவில் நிற்பதுபோல நெருக்கியடித்து நிற்கும். புதிதாகப் பார்ப்பவருக்குத் தலை சுற்றும்.

ஆனாலும் என் ஓட்டு இவருக்குத்தான், அதுவும் அவருடைய எருசலேம் படத்துக்காக. அந்த நகரத்தை அவர் நேரில் பார்த்ததே இல்லை. பயணிகளின் குறிப்புகளையும் பழைய நூல்களையும் வைத்தே வரைந்தார். ஏறக்குறைய நாற்கோணமான ஊர், அதில் 250-க்கு மேல் எண்ணிட்ட இடங்கள். தாவீதின் அரண்மனையும் பிலாத்துவின் அரண்மனையும் ஒன்றாக நிற்பது சரித்திரப்படி சரியில்லைதான். ஆனால் பிலாத்துவிடமிருந்து கல்வாரி வரை இயேசு போன வழியில் அவர் குறித்த 12 இடங்கள், இன்று தவக்காலத்தில் நம் கோவில்களில் நடக்கும் சிலுவைப்பாதையின் 14 நிலைகளில் முதல் பன்னிரண்டோடு அப்படியே பொருந்துகின்றன.

ஆதியாகமம் படிக்கும்போது ஒர்டேலியுஸ் போதும், சுவரில் மாட்டவும் அதுவே நன்றாக இருக்கும். சுவிசேஷங்களின் கடைசி அதிகாரங்களுக்கு ஆட்ரிகோமை எடுங்கள், எண்களுக்கான விளக்கத்தோடு சேர்ந்த பிரதியாகப் பார்த்து. படம் மட்டும் கையில் இருந்தால் அந்த எண்களோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.